பிரிண்டர் வயரும் அக்காவின் பாட்டும்

இலங்கைத்துறை முகத்துவாரத்துக்கு நான் களப்பணிக்காகப் போகத் தொடங்கி ஒன்பது வருடங்களாகின்றன. வாழ்வாதார உதவி, நுண்கடன் பிரச்சினை, காணாமற்போனோர் தொடர்பான கடிதங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று எத்தனையோ விடயங்களுக்காக அங்குள்ள வீட்டுத் திண்ணைகளில் இருந்திருக்கிறேன். ஒரு கீபோர்டைக் கணினியோடு எப்படி இணைப்பது என்ற கேள்வியோடும் ஒருநாள் இருக்க வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நான் படித்தது சமூகவியல். எங்கள் விரிவுரைகளில் வயரைப் பற்றி எவரும் எதுவும் சொல்லித் தரவில்லை.

அந்த வீட்டு அக்காவுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெயரைப் போட வேண்டாம் என்றார். எழுதியதை வாசித்துக் காட்டிய பின்னர்தான் அனுப்புவதற்குச் சம்மதித்தார். அவருடைய கணவர் ஹாமோனியம் வாசிப்பவர். கோயில் பஜனை, கூத்து என்று எதுவானாலும் அவரைத் தேடி ஆள் வரும். 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் வந்தபோது ஹாமோனியம் போய்விட்டது. 2006 ஆவணியில் சண்டை தொடங்க, ஊரோடு ஊராக வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். அங்கிருந்து 2007 தை மாதமளவில் மட்டக்களப்பு முகாம்களுக்கு. அந்த அலைச்சலுக்குள்ளே கணவர் காணாமற்போனார். ஏழு வயது மகளோடு அக்கா தனியே ஊர் திரும்பினார். என்னுடைய குடும்பமும் அதே வழியால் நடந்து போனதுதான். எனக்கு அப்போது பதினாறு வயது. அந்த வழியைப் பற்றி இங்கே விரித்து எழுதத் தேவையில்லை. இதை வாசிக்கும் பலருக்கு அது தெரியும்.

மகள் வளர்ந்து இப்போது முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். சுவிஸில் உள்ள சித்தப்பா ஒருவர் ஊருக்கு வந்தபோது 61 கட்டைகள் கொண்ட கீபோர்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தகப்பனின் கை அவளுக்கும் வந்திருக்கிறது. கேட்ட பாட்டை அரை மணித்தியாலத்தில் வாசித்து விடுவாள். முன்பள்ளிக் கலைவிழாவுக்குப் பிள்ளைகள் ஆடுவதற்குச் சொந்தமாக இசை செய்து பதிய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதைவிடப் பெரிய ஆசை, அம்மா பாடுவதைப் பதிந்து வைக்க வேண்டும் என்பது. அக்கா முகாமில் இருந்த காலத்தில் தானாகக் கட்டிய பாட்டுகள் சில இருக்கின்றன. எந்தக் கொப்பியிலும் அவை எழுதப்படவில்லை.

ஒருமுறை இருவரும் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். முன்பெல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து திருகோணமலை நகரத்துக்குப் போவதென்றால் துறைக்குத் துறை இறங்கிப் பாதை ஏற வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. மற்றைய துறைகளிலும் பாலங்கள் வந்தபின் பயணம் இலகுவாகிவிட்டது. ஆனால் பாலம் போட்டவுடன் எல்லாக் கதவுகளும் பெண்களுக்குத் திறந்து விடுவதில்லை. மணித்தியாலக் கணக்கில் காசு. அதுகூடப் பரவாயில்லை. அங்கிருந்தவர், "புள்ள மட்டும் உள்ளுக்கு வரட்டும், நீங்க வெளிய இருங்க" என்று அக்காவிடம் சொல்லிக் கதவைச் சாத்தப் பார்த்திருக்கிறார். சத்தம் வராமலிருக்கக் கதவைச் சாத்தத்தான் வேண்டும், அது உண்மை. ஆனாலும் அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். பிறகு போகவில்லை.

அதன் பின்னர் வீட்டிலேயே போனில் பதிந்து பார்த்தார்கள். எனக்கும் போட்டுக் காட்டினாள். கீபோர்டின் ஸ்பீக்கரில் வரும் இசைக்கு மேலாகக் கடல் இரைகிறது. காகம் கத்துகிறது. பக்கத்து வீட்டு எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. நடுவிலே கோழி ஒன்று முட்டையிட்ட செய்தியை ஊருக்கெல்லாம் அறிவிக்கிறது. தகரக் கூரையில் மழை விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

"ராவைக்குப் பதிஞ்சா என்ன?" என்று நான் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அக்கா சொன்னார்: "மிஸ், ஆம்பிள இல்லாத வீட்டில ராவில பாட்டுச் சத்தம் கேட்டா விடிய என்ன கதை வரும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். நான் கேட்டிருக்கக் கூடாது.

வயரைப் பற்றிய யோசனை இப்படித்தான் வந்தது. கீபோர்டின் ஒலி ஸ்பீக்கரால் வெளியே வந்து, காற்றில் நடந்து, மைக்குக்குள் போனால்தான் வழியில் காகமும் கோழியும் சேர்ந்துகொள்ளும். வாத்தியத்திலிருந்து நேரே வயர் வழியாகக் கணினிக்குள் போனால் வீட்டுச் சத்தம் எதுவும் அதில் சேராது. சுவர் பூசாத வீடாக இருந்தாலும், கிடுகுக் கொட்டிலாக இருந்தாலும் ஒன்றுதான். காசுள்ளவர்கள் பஞ்சும் பலகையும் அடித்து அறை கட்டிப் பெறுகிற அமைதியை, வாத்திய ஒலியைப் பொறுத்தவரை, ஒரு வயர் கொடுத்துவிடுகிறது.

கீபோர்டின் பின்புறத்தில் சதுரமான துளை ஒன்று இருந்தது. அதைப் பார்த்தவுடன் எனக்கு எங்கள் அலுவலகத்துப் பிரிண்டர் ஞாபகம் வந்தது. அதே துளை. பழைய பிரிண்டர் ஒன்று பழுதாகி அதன் வயர் அலுமாரியில் சும்மா கிடந்தது. பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கி அடுத்த கிழமை கொண்டுபோனேன். அளவாகப் பொருந்தியது. அவளுடைய லப்டொப்பில் இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைப் போட்டு வைத்திருந்தாள். பதிவுப் பட்டனை அழுத்தி ஐந்து நிமிடம் வாசித்தாள். போட்டுக் கேட்டால் ஒன்றுமே இல்லை. காகம்கூட இல்லை.

நகரத்தில் கணினி திருத்தும் கடையொன்றில் என் தம்பி வேலை செய்கிறான். போன் எடுத்தேன். சிரித்தான். "பெரியக்கா, அந்த வயரில சத்தம் போறதில்ல. எந்தக் கட்டைய அமத்தினது, எவ்வளவு பலமா, எவ்வளவு நேரம் எண்ட செய்திதான் போகும். சத்தத்தக் கொம்பியூட்டர்தான் உண்டாக்க வேணும்."

இதற்கு மிடி என்று பெயர். அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இக்குதாரோ காகேஹாஷி ஆகியோரின் முயற்சியால் 1983இல் உலகத்துக்கு வந்த ஒழுங்குமுறை. எந்தக் கம்பனி செய்த வாத்தியமும் மற்றக் கம்பனியின் வாத்தியத்தோடும் கணினியோடும் ஒரே பாஷையில் பேச வேண்டும் என்பது நோக்கம். முப்பது வருடம் கழித்து, 2013இல், இருவருக்கும் இதற்காகத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள். எனக்கு விளங்கிய மட்டில் அது நாங்கள் வீடு வீடாக நிரப்பும் படிவத்தைப் போன்றது. பெயர், வயது, திகதி, எத்தனை பேர் என்பதெல்லாம் படிவத்தில் போகும். சொன்னவரின் குரல் போகாது. ஆனால் படிவத்துக்கும் ஒரு நன்மை உண்டு, பிழையாக எழுதியதைப் பிறகு திருத்தலாம். மிடியிலும் அப்படியே. பிழையாக அமத்திய ஒரு கட்டையை மட்டும் பிறகு சரிசெய்யலாம், அதே வாசிப்பை வயலினாகவோ புல்லாங்குழலாகவோ மாற்றலாம். ஓடாசிட்டியில் மிடியைப் பதிய முடியாது. அதற்கு எல்.எம்.எம்.எஸ் போன்ற வேறு மென்பொருள் வேண்டும். அதுவும் இலவசம்தான். மகள் பின்னர் அதையும் பழகிக்கொண்டாள்.

ஒலியையே அனுப்புவதென்றால் கீபோர்டின் ஹெட்போன் துளையிலிருந்து வயர் எடுக்க வேண்டும். இங்கே நாங்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன், வேறு யாராவது முயற்சி செய்தால் அந்த நாட்கள் மிச்சமாகும்.

கீபோர்டின் துளை கால் அங்குலப் பெரியதாகவும், லப்டொப்பின் துளை 3.5 மில்லிமீற்றர் சிறியதாகவும் இருந்தன. இரண்டு பக்கமும் பொருந்தும் வயர் கடையில் உண்டு. ஆனால் இப்போதைய லப்டொப்களில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான். சாதாரண வயரைச் செருகினால் அது ஹெட்போன் என்றே நினைத்துக்கொள்ளும், ஒலி உள்ளே போகாது. பென்ட்ரைவ் அளவிலுள்ள யூ.எஸ்.பி சவுண்ட் கார்ட் ஒன்றைத் தம்பி கொடுத்துவிட்டான். அதில் இரண்டு துளைகளும் தனித்தனியே இருக்கின்றன. பழைய மேசைக் கணினி இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அநேகமாகப் பின்னால் நீல நிறத் துளை ஒன்று இருக்கும். அது வாத்தியத்துக்கும் ரேடியோவுக்கும் உரியது. இளஞ்சிவப்பு மைக்குக்கு. பச்சை ஹெட்போனுக்கு.

மைக் துளை மெல்லிய குரலுக்காகச் செய்யப்பட்டது. கீபோர்டை முழுச் சத்தத்தில் விட்டால் அது தாங்காது. முதல்நாள் பதிந்தது எல்லாம் கிழிந்து போய்க் கேட்டது. கணினித் திரையிலே அலைகளின் தலை வெட்டுப்பட்டது போல் தட்டையாகத் தெரிந்தன. அப்படி வெட்டுப்பட்டதைப் பிறகு சரிசெய்ய ஏலாது. கீபோர்டின் சத்தத்தைக் காற்பங்குக்குக் குறைத்து வைத்துத்தான் தொடங்க வேண்டும். கிற்றார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மின்கிற்றாரை நேரே இப்படிச் செருகினால் ஒலி மங்கிப்போகும். அதற்கென்று தனித் துளையுள்ள இணைப்புப் பெட்டி வேண்டும். உடுக்கு, பறை, ஹாமோனியம் இவற்றுக்கெல்லாம் வயர் துளை கிடையாது. அவற்றுக்கு மைக்தான் கதி.

அடுத்தது ஒரு இரைச்சல். "ம்ம்ம்..." என்று வண்டு இரைவது போல விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வயரை மாற்றினோம், துளையைத் துடைத்தோம், போகவில்லை. மூன்றாம் நாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. கீபோர்ட் பற்றரியில் ஓடியது, லப்டொப்பும் பற்றரியில் ஓடியது, வண்டு செத்துவிட்டது. லப்டொப்பின் சார்ஜர்தான் அத்தனைக்கும் காரணம். இப்போது அவள் பதியும் நேரம் சார்ஜரைக் கழற்றி வைத்துவிடுவாள். மின்வெட்டை நான் நன்றியோடு நினைத்த ஒரேயொரு நாள் அதுதான்.

அதன் பிறகு ஒருநாள் வேலை முடியப் பிந்தி, அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். ஒன்பது மணியிருக்கும். மகள் விளக்கைக் குறைத்துவிட்டு கீபோர்டின் முன்னால் இருந்தாள். வயரில் ஒரு கவட்டை போட்டு, ஒரு கிளை கணினிக்கும் மற்றது ஹெட்போனுக்குமாகப் பிரித்திருந்தாள். அவள் வாசிக்கிறாள். எனக்குக் கேட்டது கட்டைகள் "டக் டக்" என்று அமரும் சத்தமும் கடலும் மட்டும்தான். சிறிது நேரம் கழித்து ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள். முழு வீடும் நிறையக்கூடிய இசை அதற்குள்ளே இருந்தது. வேலிக்கு அங்கால் ஒரு சொட்டும் போகவில்லை. விடிய எந்தக் கதையும் வராது.

பெண் பாடினால் ஊர் ஏன் பேச வேண்டும், அதை எதிர்த்து நிற்க வேண்டாமா என்று கேட்கும் தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். கேள்வி சரி. ஆனால் ஊர் திருந்தும் வரைக்கும் அந்தப் பிள்ளை வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது.

மாதர் சங்கக் கூட்டமொன்றில் இந்தக் கதை வந்தது. "கீபோர்டும் கொம்பியூட்டரும் வைச்சு என்ன செய்யப் போறாள், சோறு வருமா?" என்று ஒருவர் கேட்டார். நான் ஏ.ஆர்.ரஹ்மானின் தாயாரைப் பற்றிச் சொன்னேன். தகப்பனார் ஆர்.கே.சேகர் இசையமைப்பாளர். 1976இல் அவர் இறந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. தாயார் கரீமா பேகம், கணவர் விட்டுப்போன வாத்தியங்களை விற்கவில்லை. வாடகைக்குக் கொடுத்துக் குடும்பத்தைக் கொண்டுபோனார். மகன் வளர்ந்து ஒலிப்பதிவுக் கருவி வாங்க வேண்டும் என்றபோது தன் நகைகளை விற்றுக் கொடுத்தார். 1989இல் சென்னையில் தங்கள் வீட்டு வளவிலேயே சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அமைத்தார்கள். 1992இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் பாடல்கள் அங்கிருந்துதான் வந்தன.

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்த ஒரு அம்மா, "நகைய வித்துக் குடுத்தாவா? எங்கட நகையெல்லாம் அடகுக் கடையிலதானே கிடக்கு, முதல்ல அத எடுக்கோணும்" என்றார். கூட்டமே சிரித்துவிட்டது. நானும்தான்.

ஆனால் அந்த அம்மா சொன்னதில் விடயம் இருக்கிறது. எங்கள் பெண்களுக்கு இதுவரை எத்தனையோ தொழிற்பயிற்சிகள் கொடுத்துவிட்டோம். தையல் மெஷின்கள் எத்தனை வீடுகளில் துணி மூடிக் கிடக்கின்றன என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இதனால் வருமானம் வரும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு இரண்டு முன்பள்ளிகளின் கலைவிழா இசைக்காகச் சிறு தொகை கிடைத்தது, அவ்வளவுதான். நுண்கடன் எடுத்துக் கருவி வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போனும், இரவல் வயரும், இலவச மென்பொருளும் போதும்.

இனி அக்காவின் பாட்டு.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு குழுவினர் ஊருக்கு வந்து பெண்களின் ஒப்பாரிகளையும் பாட்டுகளையும் பதிந்துகொண்டு போனார்கள். அக்காவும் பாடினார். பாடும்போது அழுதுவிட்டார். பதிந்ததைக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னவர்கள் பிறகு வரவில்லை. அந்த அழுகை எங்கோ ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டப்பட்டது என்று பின்னாளில் யாரோ சொல்லி அக்காவுக்குத் தெரிய வந்தது. "எல்லாரும் கேட்டாங்களாம். எனக்குத்தான் கேக்கக் கிடைக்கல்ல" என்று ஒருதடவை என்னிடம் சொன்னார். எங்களைப் போன்றவர்கள் இதைக் கேட்டுத் தலைகுனியத்தான் வேண்டும். என்னுடைய பையிலும் எத்தனையோ பெண்களின் கதைகள் எழுதிய கொப்பிகள் இருக்கின்றன.

மகள் முதலில் கீபோர்டை மட்டும் வயர் வழியாகப் பதிந்தாள். பிறகு அதை ஹெட்போனில் அம்மாவுக்குக் கேட்க விட்டு, சிறிய மைக் ஒன்றில் அம்மாவின் குரலை வேறாகப் பதிந்தாள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும், ஒன்றைத் தொடாமல் மற்றதைத் திருத்தலாம். குரல் ஒரு கண் இமைக்கும் நேரம் பிந்தி விழுந்தது. கணினி ஒலியை வாங்கிப் பதிய எடுக்கும் தாமதம் அது. குரலைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டாள், சரிவந்தது. குரலுக்கு வயர் இல்லையல்லவா, ஆகவே அதற்குள் கடல் வந்துவிட்டது. மென்பொருளால் கடலை நீக்கிப் பார்த்தாள். அம்மா தண்ணீருக்குள் இருந்து பாடுவது போல் ஆனது. அக்கா கேட்டுவிட்டு, "வேணாம் புள்ள, கடல் கிடக்கட்டும். அது எங்கட ஊர்ச் சத்தம்தானே" என்றார்.

பாட்டு முழுவதையும் ஹெட்போனில் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அது கணவரைப் பற்றிய பாட்டு. முடிந்தபின் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகளிடம், "இத அழிச்சிரு" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். வைத்திருங்கள் அக்கா, நல்ல பாட்டு, நாளைக்குப் பேரப்பிள்ளைகள் கேட்கும் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. மகள் அழித்தாள். குப்பைக்கூடையிலிருந்தும் அழித்தாள். "வேற எங்கயும் போயிருக்குமா மிஸ்?" என்று அக்கா கேட்டார். இன்டர்நெட் இணைப்பே இல்லாமல்தான் பதிந்தோம், எங்கும் போகவில்லை என்றேன். தலையாட்டினார். எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா தானாகவே மகளைக் கூப்பிட்டு மீண்டும் பாடினார். இந்தமுறை வேறு பாட்டு. முகாமில் மகளைத் தூங்க வைப்பதற்காகக் கட்டியதாம். அதை அழிக்கச் சொல்லவில்லை. அது அந்த லப்டொப்பில் இருக்கிறது. பிரதி ஒன்று ஒரு பென்ட்ரைவில், அக்காவின் அலுமாரிக்குள், காணி உறுதியோடும் கணவரின் அடையாள அட்டைப் பிரதியோடும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் பிரதி இல்லை. நான் கேட்கவுமில்லை.

போன மாதம் போயிருந்தபோது மகள், "மிஸ், இந்தப் பிரிண்டர் வயர ஒபிசில திருப்பிக் கேக்கிறாங்களா?" என்று கேட்டாள். கேட்கிறார்கள்தான். புதிய பிரிண்டரின் வயரை எலி கடித்துவிட்டது. ஒன்று வாங்கித் தருவதாகப் பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன்.